எப்பா என்று ஒரு சொல்

என் போனில் 14 விநாடி ஓடும் வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் நான் ஒரு காட்டு யானைக்கு வாழைப்பழம் கொடுக்கிறேன். சாயங்கால வெயில். பின்னால் உடவளவை ஏரியின் அணைக்கரை, முன்னால் மின்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் அவன். தும்பிக்கை கம்பிக்கு மேலாக நீண்டு வந்து என் கையிலிருந்து பழத்தை எடுக்கிறது. அப்போது என் முகத்தில் இருக்கும் சந்தோஷம் என்னுடைய வேறு எந்தப் படத்திலும் இல்லை. கூடவே ஒருவர் "எப்பா, எப்பா!" என்று கத்துவது கேட்கும். என் போனைப் பிடித்து அந்த வீடியோவை எடுத்துக்கொண்டிருந்த த்ரீவீல்காரரின், அதாவது ஆட்டோக்காரரின், குரல் அது. ஆள் அசந்துபோய்க் கத்துகிறார் என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் பெரிதாக எதையாவது பார்த்தால் நாமும் அப்படித்தானே சொல்வோம்?

ஊருக்குத் திரும்பி ஏழு மாதம் ஆகிறது. அந்த வீடியோவை அழிக்கவும் மனம் வரவில்லை, யாருக்கும் காட்டவும் முடியவில்லை. இலங்கையில் 19 நாள் முதுகுப்பையோடு தனியாகச் சுற்றியதில் சொல்ல எத்தனையோ இருக்கிறது. "அருவி அருவியாப் போனியாமே, எழுதலையா?" என்று தோழிகள் கேட்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் அந்த 14 விநாடியில் வந்து நிற்கிறேன்.

என் ஊர் கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. யானை எனக்குப் புதிது இல்லை. ஆனால் நான் பார்த்து வளர்ந்த யானை இருட்டில் வரும் யானை. நாய்கள் ஒரேயடியாகக் குரைக்கும், பக்கத்துத் தோட்டத்தில் பட்டாசு வெடிக்கும், டார்ச் வெளிச்சம் தென்னைமரங்களுக்கு நடுவே அலையும். இரவில் யானை என்று பெயர் சொல்லக்கூட அம்மா விடமாட்டாள். "பெரியவர் வந்திருக்கார், உள்ள வா" என்பாள். காலையில் போய்ப் பார்த்தால் வாழை முறிந்து கிடக்கும், சேற்றில் முறம் அளவுக்குக் கால்தடம் பதிந்திருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு யானையை முழு வெளிச்சத்தில், பயமில்லாமல், முகத்துக்கு முகம் பார்த்தது கிடையாது. அந்த ஆசையோடுதான் கொழும்புக்கு விமானம் ஏறினேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று கேட்டிருந்தால் அருவி பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கண்டுகொள்ளாத காடு

முதலில் போனது சிங்கராஜ வனம். தெனியாயவில் ஒரு வீட்டு மாடியில் தங்கி, விடியற்காலையில் வழிகாட்டியோடு கிளம்பினேன். அங்கே வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 1988-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்த மழைக்காடு அது. உள்ளே போன பத்தாவது நிமிடம் காலில் அட்டை ஏறியது. காலுறைக்கு மேல் இன்னொரு துணிக் காலுறை போட்டு முழங்காலில் கட்டச் சொல்லியிருந்தான் வழிகாட்டிப் பையன். கட்டியிருந்தேன், அப்படியும் இரண்டு ஏறிவிட்டன. வால்பாறைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

அந்தக் காட்டில் பறவைகள் ஒவ்வொன்றாக வருவதில்லை, ஊர்வலமாக வருகின்றன. அரை மணி நேரம் இலை சொட்டும் சத்தம் தவிர எதுவும் இருக்காது. திடீரென்று ஆரஞ்சு அலகுச் சிலம்பன்கள் கூட்டமாகக் கலகலத்துக்கொண்டு வரும். கூடவே கொண்டைக் கரிச்சான் வரும். பின்னாலேயே ஏழெட்டு வகைப் பறவைகள் ஒன்றாக நகரும், கீழே சருகைக் கிளறுவது, நடுக்கிளையில் பூச்சி பிடிப்பது, உச்சியில் பழம் தின்பது என்று. சிங்களத்தில் கெஹிபெல்ல என்று சொல்லும் நீலப் பறவையை அப்படித்தான் பார்த்தேன். நீல உடம்பு, செம்பழுப்புத் தலை, பவளச் சிவப்பில் அலகும் காலும். ஐந்து நிமிடத்தில் ஊர்வலம் எங்களைக் கடந்துபோயிற்று. எதுவும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாறை எப்படியோ, மரம் எப்படியோ, நாங்களும் அப்படித்தான் அவற்றுக்கு.

காட்டுக்குள்ளேயே ஒரு சிறிய அருவியில் காலை விட்டு உட்கார்ந்தபோது, மீன்கள் வந்து விரல்களைக் கொத்தின. வழிகாட்டிப் பையன், "சோப்பு வேணாம், பொரி வேணாம், சும்மா இருங்க அக்கா, அதுவே வரும்" என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். நாள் நல்லபடியாகத்தான் போனது. ஆனாலும் இரவு படுத்தபோது ஒரு குறை இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும், இந்தக் காட்டில் எதுவுமே என்னைப் பார்க்கவில்லையே என்று. அந்தக் குறையைப் பையில் கட்டிக்கொண்டுதான் மறுநாள் உடவளவைக்குப் பஸ் ஏறினேன்.

வேலி

உடவளவைத் தேசியப் பூங்கா 308 சதுர கிலோமீட்டர். வளவை ஆற்றில் அணை கட்டியபோது இடம் இழந்த விலங்குகளுக்காக 1972-இல் ஒதுக்கிய காடு. நீரில் மூழ்கிய மரங்கள் இன்னும் எலும்புக்கூடுபோல ஏரிக்குள் நிற்கின்றன, அவற்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கும். காலையில் மூன்று பேரோடு ஜீப்பைப் பங்கு போட்டுக்கொண்டு சஃபாரி போனேன். யானைகளைப் பார்த்தோம், ஐம்பதுக்குக் குறையாது. தாயும் குட்டியும் பாட்டியுமாக மேய்ந்தார்கள். புல்லைத் தும்பிக்கையால் சுருட்டி, காலால் உதைத்து வேரோடு பிடுங்கி, மண்ணை உதறுவதற்காக முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி வாயில் போட்டுக்கொள்வார்கள். அந்தத் தட்டை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. இங்கேயும் யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஜீப்புக்குப் பழகியவை.

எனக்கு ஆச்சரியம் வேறு ஒன்றில். ஆண் யானைகளுக்குத் தந்தமே இல்லை. நம் ஊரில் தந்தமில்லாத ஆண் என்றால் மக்னா, அது ஒரு தனிப் பெயர், தனிப் பயம். இலங்கையில் ஆண்களில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருக்காது. சிங்களத்தில் தந்தம் உள்ளதை 'எத்தா' என்றும் மற்றதை 'அலியா' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். அலியா என்பதுதான் அங்கே யானைக்குப் பொதுப்பெயர்.

சாயங்காலம் ஒரு த்ரீவீல் பிடித்து, எம்பிலிப்பிட்டியவிலிருந்து தனமல்வில போகும் ரோட்டில் ஏரிக்கரையைப் பார்க்கப் போனேன். பூங்காவின் தெற்கு எல்லை அந்த ரோட்டை ஒட்டித்தான் போகிறது. எல்லை நெடுக மின்வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் பழக்கடைகள், தர்பூசணியும் வெள்ளரியும் வாழைப்பழமுமாக. வேலிக்கு அந்தப் பக்கம், இருநூறு முந்நூறு அடிக்கு ஒன்றாக யானைகள் நின்றன. மேயவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன.

எனக்குச் சாப்பிடுவதற்கென்று ஒரு கிலோ கோழிக்குட்டு வாழைப்பழம் வாங்கியிருந்தேன். த்ரீவீல்காரருக்கு என் அப்பா வயது இருக்கும். தமிழ் நாலைந்து சொல் தெரியும், என்னைத் 'துவ' என்று கூப்பிட்டார். கொஞ்சம் ஆள் குறைந்த இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லி, யானை தெரிகிற மாதிரி என்னை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். நான் வேலிக்குப் பதினைந்து அடி தள்ளித்தான் நின்றேன். அந்த யானை தலையைச் சற்று ஆட்டியது. வேலியை ஒட்டி இரண்டடி நகர்ந்து எனக்கு நேராக வந்து நின்றது. தும்பிக்கையைத் தூக்கி, நுனியை என் பக்கம் வளைத்தது.

எதுவும் யோசிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வேலியருகே போனேன்.

கிட்டத்தில் பார்த்தால் தும்பிக்கை சாம்பல் நிறம் இல்லை. நெற்றியிலிருந்து கீழே இறங்க இறங்க இளஞ்சிவப்புப் புள்ளிகள், யாரோ தூரிகையை உதறியதுபோல. ஈர்க்குச்சி மாதிரி விறைத்த முடிகள். நுனியில் ஒரே ஒரு விரல், ஈரமாக, மண் ஒட்டி. பழத்தை எடுக்கும்போது அந்த விரல் என் உள்ளங்கையைத் தடவியது. அவசரமே இல்லை. நாக்கைப் போல மெத்தென்று, சூடாக இருந்தது. மூச்சு கையில் பட்டது, நசுக்கிய பச்சைப் புல்லின் வாசனையோடு. காம்போடு, தோலோடு, பழம் வாய்க்குள் போயிற்று. அவன் கண் என்னைத்தான் பார்த்தது. காட்டுக்குள் எனக்குக் கிடைக்காத பார்வை.

"எப்பா! துவ, எப்பா!"

நான் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தேன். அங்கேதான் வீடியோ முடிகிறது. அதற்கப்புறம் இன்னும் இரண்டு பழம் கொடுத்தேன். அவர் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கரண்டுக் கம்பிக்குப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. பேசிய காசை மட்டும் வாங்கிக்கொண்டு, என்னைச் சரியாகப் பார்க்காமலே போய்விட்டார். நான் அன்று ராத்திரி வீடியோவை எட்டுப் பேருக்கு அனுப்பினேன்.

தியலும

இரண்டு நாள் கழித்து வெல்லவாய வழியாகக் கொஸ்லந்தைக்கு ஏறினேன். தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர், இலங்கையில் இரண்டாவது உயரம். ரோட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே தெரியும், ஆனால் எல்லோரும் ஆசைப்படுவது மேலே ஏறத்தான். பூனாகலைப் பக்கம் போகிற ரோட்டிலிருந்து தோட்டத்துப் பையன் ஒருவன் கூட வந்தான். ஆளுயர மானாப்புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. முக்கால் மணி நேரம் நடந்தால் பாறையில் படிப்படியாகக் குளங்கள். ஒன்று நிறைந்து அடுத்ததில் விழுந்து, கடைசிக் குளம் நிறைந்து, அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் அப்படியே காணாமல் போகிறது. சத்தம்கூட மேலே வராது. கீழே வெல்லவாயச் சமவெளி நீலமாகத் தெற்கே கடல் வரைக்கும் போவதுபோலத் தெரியும்.

விளிம்புக் குளத்துக்குப் பையன் என்னை விடவில்லை. "வழுக்கும் அக்கா. மேல மழை பேஞ்சா இங்க வெயிலடிக்கும்போதே தண்ணி வரும். ஆளுங்கள அடிச்சிட்டுப் போயிருக்கு" என்றான். மேலே மூன்றாவது குளத்தில் இறங்கினேன். முதலில் மூச்சு நின்றுவிடும்போல் குளிர், அப்புறம் உடம்பு பழகிவிட்டது. மல்லாந்து மிதந்தால் காதுக்குள் தண்ணீர்ச் சத்தம் மட்டும். குற்றாலத்தில் அருவி நம் தலையில் அடிக்கும், இது ஆளைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஒரு சிவப்புத் தும்பி வந்து என் முழங்காலில் உட்கார்ந்து, போய், மறுபடியும் அதே முழங்காலில் உட்கார்ந்தது. தனியாக வந்தது எவ்வளவு சரி என்று அன்றைக்கு நினைத்தேன். பேச்சுத் துணைக்கு ஒருவர் இருந்திருந்தால் அந்தத் தும்பியைப் பார்த்திருக்க மாட்டேன்.

இறங்கி வந்து கொஸ்லந்தையில் ஒரு சிறிய கடையில் பிளேன்டீ குடிக்க உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா இஞ்சி தட்டிப்போட்டு, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கையில் வைத்தார்.

"எங்கருந்து வாறீங்க தங்கச்சி? தனியாவா?"

"கோயம்புத்தூருங்க அக்கா."

"கோத்தகிரி பக்கமா? எங்க சின்னம்மா அங்கதான். தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போனாங்க. அப்ப நான் பொறக்கவே இல்ல."

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் அப்படிக் கப்பல் ஏறி வந்தவர்கள் நீலகிரியிலும் வால்பாறையிலும் எத்தனை பேர்! என்னோடு கல்லூரியில் படித்தவளின் தாத்தாவே அப்படி வந்தவர்தான். பேச்சு அப்படியே ஓடியது. எதிரே தெரிந்த மலைச்சரிவைக் காட்டி, "அதுதான் மீரியபெத்த" என்றார். 2014 அக்டோபர் 29 காலையில் அங்கேதான் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. இத்தனை வருடத்துக்கப்புறம் புல் முளைத்து, மற்ற சரிவுகளைப் போலத்தான் இருந்தது. அவர் காட்டியிருக்காவிட்டால் பச்சை மலை என்று படம் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அந்த அமைதியைப் போக்க நினைத்து, "அக்கா, ஒரு யானை வீடியோ பாருங்க" என்று போனை நீட்டினேன்.

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாவது தடவை திரையைப் பார்க்கவில்லை, காதருகே வைத்துக் கேட்டார்.

"இந்தாளு வேணாம் வேணாம்னு கத்துறாரே தங்கச்சி. நீங்க பாட்டுக்குக் குடுக்குறீங்க?"

"வேணாம்னா?"

"எப்பான்னா வேணாம். செய்யாதன்னு அர்த்தம். துவன்னா மக. 'வேணாம் மகளே, வேணாம்'ங்குறாரு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. கையில் டம்ளர் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவர் பாட்டுக்குப் பேசினார். அவர் வீட்டுக்காரர் சோளம் காய்க்கும் மாதங்களில் தனமல்வில பக்கம் கூலிக்குப் போவார், ராத்திரி மரத்துமேல் கட்டிய பரணில் காவல் இருப்பார். "வேலி ஓரத்துல ரோட்டப் பாத்து நிக்குதே, அதே யானைங்கதான் ராவுல ஊருக்குள்ள வருமாம். ஆளக் கண்டு ஓடாதாம். ஆளு இருக்குற எடத்துல தீனி இருக்கும்னு அதுக்குத் தெரியுமாம். விளக்கடிச்சாலும் நிக்குமாம், வெடி போட்டாலும் நிக்குமாம். அப்பறம் என்னா, துவக்க எடுத்துச் சுடுறதுதான். இல்லாட்டி ஹக்க பட்டாஸ்."

"அது என்னக்கா?"

"பன்னிக்கு வக்கிறது. பூசணிக்கா, வெள்ளரிக்கா உள்ள வெடிய வச்சுப் போட்டுருவாங்க. கடிச்சா வாயி போயிரும்."

அவுட்டுக்காய். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அவுட்டுக்காய்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர்ப் பள்ளத்தில் ஒரு யானை மூன்று நாள் நின்றது. பகல் வெளிச்சத்தில் நான் பார்த்த யானை அது ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும், ஆனால் அதை யானை பார்த்ததாக நான் எப்போதும் கணக்கில் வைத்ததில்லை. தூரத்தில், மரங்களுக்கு நடுவே, தலையைக் கவிழ்த்து நின்றது. தண்ணீரை உறிஞ்சி வாயில் விடும், அது அப்படியே வெளியே வழியும். விலாவெலும்பை எண்ணலாம். அவுட்டுக்காய் கடித்துவிட்டது என்று அப்பா சொன்னார். பழத்துக்குள் வைத்திருப்பார்கள் என்றும் சொன்னார். அது என்ன பழம் என்று அன்றைக்குக் கேட்டேனா, நினைவில்லை.

கொஸ்லந்தைக் கடையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். வெடி வைப்பவனும் பழத்தைத்தான் வைக்கிறான். அவன் கையும் மனிதக் கைதான். பழத்தில் ஒட்டியிருக்கும் மனித வாசனைக்கு யானை மிரளாமல் இருக்க வேண்டும் என்றால், அதற்கு முன் பல கைகள் நல்ல பழமாகக் கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டும். நான் மூன்று பழம் கொடுத்தேன்.

அந்தச் சந்தோஷம்

அதற்கப்புறம் இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உடவளவை வேலியோரம் 2007-லிருந்து யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக் கவனித்த ஆய்வாளர்கள், ரோட்டைப் பார்த்துத் தீனிக்கு நின்றவை 66 யானைகள், எல்லாமே ஆண்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பழத்தோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போகிறது. பழம் கொடுக்கப்போய் உயிரை விட்ட மனிதர்களும் உண்டு. அதே ஆய்வில் நம் நீலகிரியின் சீகூரும் இருக்கிறது. அங்கே தீனி கொடுத்துப் பழக்கிய 11 ஆண் யானைகளில் நான்கு செத்துப்போயின. மனிதர்கள்தான் காரணம் என்று சந்தேகிக்கிறார்கள். பிழைத்தவர்களில் ஒருவன் ரிவால்டோ. மசினகுடிப் பக்கம் போகிற எல்லோருக்கும் அவனைத் தெரியும். தும்பிக்கை நுனி அறுபட்டவன், பாவம் என்று கையில் பழத்தோடு போனவர்கள் அவனை ஊர் யானையாக்கிவிட்டார்கள். 2021-இல் மரக்கூண்டில் மூன்று மாதம் அடைத்துவைத்து, அப்புறம் காலர் கட்டிக் காட்டுக்குள் தூரமாகக் கொண்டுபோய் விட்டார்கள். அவன் நடந்தே பழைய இடத்துக்குத் திரும்பினான். ரிவால்டோ செய்தியை அன்றைக்கு நானும் படித்தேன். யார் இப்படியெல்லாம் பழம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று கோபமாகப் பகிர்ந்ததுகூட நினைவிருக்கிறது.

இலங்கையில் 2011 கணக்கெடுப்பில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023-இல் மட்டும் 400-க்கு மேல் செத்திருக்கின்றன. சுட்டு, மின்சாரம் பாய்ந்து, ரயிலில் அடிபட்டு, ஹக்க பட்டாஸ் கடித்து. அதே வருடம் யானைகளால் 150-க்கும் அதிகமான மனிதர்கள் இறந்தார்கள். பரணில் ராத்திரி விழித்திருக்கும் அந்த அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கணக்கின் ஓரத்தில்தான் இருக்கிறார். நான் கொடுத்த பழத்துக்கும் அவர் தூக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதை வேலியருகே நின்ற எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? ஒருவர் சொன்னார். அவர் சொன்ன மொழி எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் ஒன்று தீரவில்லை. வீடியோவைத் திறந்தால் அந்த ஈர விரல் உள்ளங்கையில் பட்டது அப்படியே திரும்ப வருகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. தப்பு என்று தெரிந்த ஒன்று இவ்வளவு இனிப்பாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அந்த நிமிடம் எனக்கு அந்த யானைமேல் வந்தது அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு ஏதாவதாக இருந்திருந்தால், அகங்காரம், விளம்பர ஆசை என்று ஏதாவது, கழற்றிப் போட்டிருப்பேன். அன்பை என்ன செய்வது?

திரும்பும் வழி

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் அப்புத்தளையிலிருந்து கொழும்புக்கு நேராக ரயிலிலேயே போயிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் போவார்கள், ஜன்னலோரம் தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டு. நான் மறுபடியும் வெல்லவாய இறங்கி, தனமல்வில வழியாக எம்பிலிப்பிட்டிய போகும் ரோட்டையே பிடித்தேன். அந்த த்ரீவீல்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றேன், அவர் வரவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

சரி என்று, முதல் தடவை நேரமில்லாமல் விட்டுப்போன யானைக்குட்டிக் காப்பகத்துக்குப் போனேன். தாயை இழந்த குட்டிகளை வைத்து வளர்த்துக் காட்டில் விடும் இடம், 1995-இல் தொடங்கியது. பார்க்க வருகிறவர்களைத் தள்ளி, ஒரு மேடையில் உட்காரவைக்கிறார்கள். தொட முடியாது, கூப்பிடவும் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். கதவைத் திறந்ததும் குட்டிகள் இரண்டிரண்டாக ஓடிவந்து, குழாயில் புனல் வழியாக ஊற்றும் பாலைக் கண்ணை மூடிக் குடித்தன. ஒன்று இன்னும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. ஊழியர் அதன் பின்பக்கத்தைத் தள்ளினார். தட்டிக் கொடுக்கவில்லை, கொஞ்சவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாலைக் கொடுத்துத் தள்ளிவிட்டார். கிட்டத்தட்ட ஐந்து வயதானதும் இவை காட்டுக்குப் போகவேண்டியவை. குட்டி புல்வெளிக்கு ஓடி, ஒரு கட்டுப் புல்லைப் பிடுங்கி, முழங்காலில் தட்டப் பார்த்தது. புல் கை நழுவி விழுந்தது. மறுபடி எடுத்துத் தட்டியது. அந்த ஊழியர் அதையும் பார்க்கவில்லை, அடுத்த இரண்டுக்குக் கதவைத் திறக்கப் போய்விட்டார். நான் முழுசாக ஒரு மணி நேரம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து தனமல்வில பக்கமாகக் கொஞ்சம் திரும்பிப் போய் வேலியை ஒருமுறை பார்த்துவிட்டு, சாயங்காலம் எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் ஏறினேன். ஸ்கூல் விட்ட பிள்ளைகளும் சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்களுமாக நல்ல கூட்டம். அணைக்கரை அருகே பஸ் மெதுவானது. ஒரு யானை நின்றது. அவனா, வேறு ஒருவனா, பஸ் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியவில்லை. தும்பிக்கையைத் தூக்கி நுனியை வளைத்தது, அன்றைக்குப் பார்த்த மாதிரியே. எனக்கு முன் சீட்டில் ஒரு பெண், மடியில் நாலு வயதுக் குழந்தை. குழந்தை பாதி தின்ற பணிஸை, நம் ஊர் பன்னை, வாங்கி, ஜன்னலுக்கு வெளியே கையை ஓங்கினாள்.

"எப்பா" என்றேன். 19 நாளில் நான் அர்த்தம் தெரிந்து சொன்ன முதல் சிங்களச் சொல் அது. குரல் எழும்பவில்லை, அப்படியும் அவளுக்குக் கேட்டுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. யானையைக் காட்டி, குழந்தைக்குச் சொல்லும் குரலில் எனக்குச் சொன்னாள்: "அனே, பவ்."

பணிஸ் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. குழந்தை கை தட்டியது. பஸ் வேகமெடுத்துவிட்டது. பவ் என்றால் என்ன என்று பக்கத்தில் நின்ற ஸ்கூல் பிள்ளையிடம் கேட்டேன். தமிழ்ப் பிள்ளைதான். இரக்கப்பட்டுச் சொல்லும் பாவத்துக்கும், செய்யக் கூடாத பாவத்துக்கும், அவங்களுக்கும் நம்மள மாதிரியே ஒரே சொல்தான் அக்கா என்றாள்.